பொம்மைகள் நல்ல நிலையில் உள்ளன

பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். சாலையில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். மருந்துக்கடை, பிரியாணிக்கடைக்கு அடுத்தபடி கண்ணில் அடிக்கடி படுவது பிளே ஸ்கூல் போர்டு. முக்கால்வாசி போர்டில் மாண்டிசோரி. மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போரில் இத்தாலிக்காரர் என்ற காரணத்தால் ஊர் திரும்ப முடியாமல் சில வருடம் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. நல்லவேளை, அம்பத்தூர்ப் பக்கம் வந்து குடியேறவில்லை. தன் பெயர் போட்ட மாடியில் மூன்று வயதுப் பிள்ளை நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடித்தால்தான் பாத்ரூம் போகலாம் என்பதைப் பார்த்திருந்தால், போரென்றும் பாராமல் கப்பல் ஏறியிருப்பார்.

இங்கெல்லாம் விளையாட்டுப் பொருளே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, வரவேற்பறையில், கண்ணாடி அலமாரிக்குள். அட்மிஷனுக்கு வரும் அப்பா அம்மா பார்த்து மகிழ்வதற்காக.

மணல் கூட உண்டு. குருமணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் அதைத் தன் எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோனார். 1797-ல் லண்டனில் புத்தகமும் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று சீமையெங்கும் பேர் வாங்கியது. அந்த மணலே இப்போது நீல நிற பிளாஸ்டிக் தட்டில் ‘சென்சரி ப்ளே’ என்று தனிக் கட்டணத்தில் திரும்பி வந்திருக்கிறது. மணல் கொள்ளையில் இதுவும் ஒரு வகை. லாரி மட்டும்தான் இல்லை.

கதையும் உண்டு, வருடத்துக்கு ஒரு நாள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளியில் கதை சொல்லும் போட்டிக்குப் போயிருந்தேன். மேடையில் நாலு வயதுப் பையன். ஆன்லைனில் வாங்கிய பன்றி முகமூடிக்குள் வேர்த்து ஊற்றுகிறது. மூன்று பன்றிக்குட்டிகள் கதை, இங்கிலீஷில், மனப்பாடமாக. ஓநாய் இரண்டாவது வீட்டை ஊதுகிற இடத்தில் வரி மறந்துபோயிற்று. மூன்றாவது வரிசையில் அம்மா வாயசைக்கிறாள். அப்பா செல்போனில் படம் பிடித்துக்கொண்டே பல்லைக் கடிக்கிறார். பையன் முகமூடியைக் கழற்றினான், திருப்பிப் பார்த்தான், பன்றி மூக்குக்குள் விரலை விட்டு ஆட்டினான். பன்றி தமிழில் பேச ஆரம்பித்துவிட்டது. “மெட்ரோக்காரங்க தோண்டுன குழியில நான் விழுந்துட்டேன். ஜேசிபி வந்துச்சு. அதுவும் விழுந்துடுச்சு...”

அந்த மண்டபத்தில் அன்றைக்குப் பிறந்த ஒரே கதை அதுதான். மிஸ் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். நடுவர் தாளில் உச்சரிப்பு, பாவனை, உடை என்று கட்டங்கள் இருந்தன. கதைக்குக் கட்டம் இல்லை.

கையில் கிடைத்ததை ஆட்டி, கண்ணால் பார்த்ததைக் கோத்து, ‘அப்புறம்?’ என்று எதிரே இருப்பவனைக் கேட்க வைக்கிறானே, அவன்தான் நாளைக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைத் தானாகப் புரட்டுவான். அவனைத்தான் மேடையிலிருந்து இறக்கினார்கள். இறங்கியதும் அப்பா ஒன்று வைத்தார், முதுகில்.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததல்ல. ரிஷிவேலிப் பள்ளியில் கண்டதை வைத்து 2003-ல், எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போயிற்று. பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, கையில் அட்டை, பாயில் பிள்ளைகளோடு ஆசிரியர். நம் ஜனம் என்ன சொன்னது? “தரையில உட்கார வெச்சு விளையாட விடுறாங்கப்பா” என்று பிள்ளையைப் பிடுங்கி மெட்ரிக் வேனில் ஏற்றியது. அதே பாய்க்கு முகப்பேரில் டேர்ம் ஃபீஸ் கேட்டால் கேள்வி கேட்காமல் கட்டுகிறது.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. தொடக்க விழாவே நம் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலை, கதை, பாட்டு, கைப்பாவை. நல்ல திட்டம், கிண்டலில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஆசிரியரின் ஒரு கையில் பாவையை மாட்டியவர்கள் மறு கையில் செயலியைத் திணித்தார்கள். முயல் தூங்கிய கதையைச் சொல்ல வந்தவர், சர்வர் தூங்கி எழுவதற்காகக் காத்திருக்கிறார். டெல்லியோ, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத குற்றத்துக்காக 2024-25-ல் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய சமக்ர சிக்ஷா கல்வித் திட்டப் பணம் 2,152 கோடியை நிறுத்திவைத்தது. அரும்பும் மொட்டும் அரசியல் படிக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

ஆவடிப் பக்கம் ஓர் அங்கன்வாடி. அங்கே பாடத்திட்டத்தின் பெயர் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’. விளையாட்டுப் பெட்டி பீரோ மேலே, உறை பிரிக்காமல். பாப்பா கீழே. டீச்சரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. முட்டைக் கணக்கு, எடைக் கணக்கு, போஷன் டிராக்கர் செயலி, நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை. “உடைஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல நான்தானே சார் பதில் எழுதணும்?” என்றார். நியாயம்தானே. பிள்ளை ஒரு வருடம் கதை கேட்காமல் போனால் எந்த ரெஜிஸ்டரிலும் யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. பொம்மையின் கால் ஒடிந்தால் எழுத வேண்டும்.

பீரோவுக்குக் கீழே, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒடிசாக்காரர் மகள் ஒருத்தி தண்ணீர் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி. ஆவடிக்கு அடுத்த ஸ்டேஷன் பாலாசோர். பக்கத்திலிருந்த பையன் ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அதற்குள் குப்பை என்று மூடிகளைப் பெருக்கி அள்ளிவிட்டார்கள், மேலதிகாரி வருகிறாராம்.

வந்தார். பீரோ மேலே அண்ணாந்து பார்த்தார். ‘பொருட்கள் நல்ல நிலையில் உள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடப் பெட்டிக்கு இடமில்லை என்று டீச்சர் சொன்னார். இன்னொரு பீரோவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.