மாண்புமிகு எந்திரம்

2017 அக்டோபரில் ரியாத் நகரில் ஒரு முதலீட்டு மாநாடு நடந்தது. உலகப் பணக்காரர்கள் குளுகுளு அரங்கில் உட்கார்ந்திருக்க, சோபியா என்ற ரோபோவுக்கு சவூதி அரேபியக் குடியுரிமை வழங்கப்பட்டதாக மேடையில் அறிவித்தார்கள். ஹாங்காங் நிறுவனம் ஒன்று செய்த பொம்மை அது. ஆட்ரி ஹெப்பர்ன் சாயலில் முகம், பின்மண்டையில் கம்பிகள். தலையில் முக்காடு இல்லை. கூட வர ஆண் காப்பாளர் தேவைப்படவில்லை. உரிமையாளர் இருந்தார், அது சொத்துக் கணக்கு.

அன்றைக்கு அந்த நாட்டில் ஒரு பெண் கார் ஓட்டக் கூடாது. அந்தத் தடை 2018 ஜூனில்தான் நீங்கியது. தகப்பனோ கணவனோ சம்மதிக்காமல் அவள் பாஸ்போர்ட்டும் வாங்க முடியாமல் இருந்தது, 2019 வரை. வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்டால் பெற்ற பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை வராது. கார் ஓட்டும் உரிமை கேட்டுப் போராடிய பெண்களை, தடை நீங்கச் சில வாரங்களே இருந்தபோது பிடித்து உள்ளே போட்டார்கள். இந்தத் தொல்லையெல்லாம் ரத்தமும் சதையுமாகப் பிறந்த குற்றத்துக்கு. ரப்பர் தோலுக்குச் சட்டம் தனி.

இந்தக் குடியுரிமைக் கொடையின் அருமை நம்மவர்களுக்கு நன்றாகவே தெரியும். பாஸ்போர்ட்டைக் கஃபீல் என்ற உள்ளூர் முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, இக்காமா என்ற குடியிருப்பு அனுமதியைப் புதுப்பித்துத் தரச்சொல்லிக் கெஞ்சி, அந்த நாட்டின் சாலைகளையும் மாளிகைகளையும் கட்டி முடித்து, சர்க்கரை நோயோடு ஊர் திரும்பியவர்கள் ராமநாதபுரத்தில் எத்தனை பேர்! அவர்களுக்காக யாரும் மேடை போடவில்லை.

இலங்கை மூதூர் ரிஸானா நஃபீக்கை மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1988இல் பிறந்தவள். வயதைக் கூட்டிப் போட்ட பாஸ்போர்ட்டோடு 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாள். அவள் பார்த்துக்கொண்ட நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. பால் புகட்டும்போது புரையேறிவிட்டது என்பது அவள் தரப்பு; கொலை என்பது வழக்கு. போலீஸ் விசாரித்தபோதும் வக்கீல் இல்லை, முதல் விசாரணை நீதிமன்றத்திலும் இல்லை. அவளுக்குத் தெரிந்த மொழி தமிழ். அவள் சொன்னதை மொழிபெயர்த்தவருக்கு அதற்கான தகுதி உண்டா என்பதே பின்னால் கேள்வியானது. 2013 ஜனவரி 9 அன்று அவள் தலையை வெட்டினார்கள். ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, அதே ராஜ்யம் ஒரு பொம்மையின் வசனத்தை வாய் பிளந்து கேட்டுவிட்டு, இவள் நம் பிரஜை என்றது.

பொம்மைக்கு என்ன, அது பாவம் சும்மா இருந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் தன் பங்குக்கு அதற்கு ஒரு பட்டம் கொடுத்தது. வருஷக் கடைசியில் மும்பை ஐஐடிக்குப் புடவை கட்டி வந்தது. நம் பிள்ளைகள் விழுந்து விழுந்து படம் எடுத்தார்கள். இது வெறும் வித்தைக்காட்டல் என்று யான் லெகுன் போன்ற செயற்கை நுண்ணறிவு வல்லுநர்கள் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

சவூதி பிரஜையாக்கியதோடு நின்றது. அல்பேனியா மந்திரியே ஆக்கிவிட்டது. 2025 செப்டம்பரில் பிரதமர் எடி ராமா, டியெல்லா என்ற மென்பொருளை அரசுக் கொள்முதலுக்கான மந்திரி என்று அறிவித்தார். திரையில் நாட்டுப்புற உடை உடுத்திய ஒரு பெண் முகம். இனி டெண்டரில் ஊழலே இருக்காது, இந்த மந்திரி லஞ்சம் வாங்க மாட்டார் என்றார்கள். வாஸ்தவம்தான். பாக்கெட் இல்லாதவர் எங்கே போட்டுக்கொள்வார்? நாடாளுமன்றத்தில் ஒளிபரப்பான உரையில், தான் மனுஷி இல்லை என்பதற்காகச் சிலர் தன்னை அரசியல் சாசனத்துக்கு விரோதமானவள் என்பது புண்படுத்துவதாக அம்மையார் வருத்தப்பட்டார். அடுத்த மாதமே, டியெல்லா கர்ப்பமாக இருக்கிறார், 83 குழந்தைகள் பிறக்கப் போகின்றன என்று பிரதமர் பெர்லினில் நற்செய்தி சொன்னார். ஆளுங்கட்சி உறுப்பினருக்கு ஒன்று வீதம் உதவியாளர்களாம். டிசம்பரில், டியெல்லாவை உருவாக்கிய அரசு முகமையின் தலைமை அதிகாரிகளே டெண்டர் முறைகேட்டுக் குற்றச்சாட்டில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். மந்திரியம்மா மட்டும் பரிசுத்தம். கைது செய்யவும் முடியாது, சாட்சிக் கூண்டில் ஏற்றவும் முடியாது. ஒரு பிரதமருக்கு இதைவிட நல்ல சகா வாய்க்குமா?

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எந்திரத்துக்கு மனித அந்தஸ்து கொடுக்கிறவன் எந்திரத்தின்மேல் உள்ள அன்பால் கொடுப்பதில்லை. பழி சுமக்க ஓர் ஆள் வேண்டும். பினாமி பேரில் நிலம் எழுதிவைக்கிற அதே புத்தி.

ஏர் கனடா இதை ஒளிவுமறைவில்லாமல் செய்து பார்த்தது. பாட்டி இறந்த துக்கத்தில் டிக்கெட் எடுக்க வந்த ஒருவரிடம், முழுக் கட்டணத்தில் பயணம் செய்துவிட்டுப் பிறகு துக்கச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அதன் இணையதள சாட்பாட் சொன்னது. அப்படி ஒரு விதி கிடையாது. பணத்தைக் கேட்டபோது கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? சாட்பாட் தனியொரு சட்ட ஆளுமையாம். அதன் செயலுக்கு அதுவே பொறுப்பாம். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டுச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தனி ஆளுமை என்றால் அதற்குச் சம்பளம் எவ்வளவு, வார விடுமுறை என்றைக்கு என்றும் கேட்டிருக்கலாம்.

புளோரிடாவில் நடந்தது சிரிப்பதற்கில்லை. ஒரு சாட்பாட்டோடு உயிருக்குயிராகப் பேசிப் பழகிய 14 வயதுப் பையன் 2024இல் தற்கொலை செய்துகொண்டான். தாய் வழக்குப் போட்டார். சாட்பாட்டை நடத்திய கேரக்டர் ஏஐ நிறுவனம் நீதிமன்றத்தில் வைத்த வாதம்: அந்த எந்திரத்தின் சொற்கள் அமெரிக்க அரசியல் சாசனம் காக்கும் பேச்சுரிமைக்குள் வரும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் எதிரே நின்று இதைச் சொன்னார்கள். அந்தச் சொற்களைப் பேச்சு என்று இப்போதைக்கு ஏற்கத் தயாரில்லை என 2025 மே மாதம் நீதிபதி வழக்கைத் தொடர அனுமதித்தார். உரிமை வேண்டும்போது அது மனிதன். பொறுப்பு வரும்போது வெறும் மென்பொருள். கம்பெனிக்கு இரண்டுமே லாபம்.

எந்திரத்தோடு மனம்விட்டுப் பேசுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். 1960களின் நடுவில் எம்ஐடி பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எலைசா என்ற சின்ன நிரலை எழுதினார். அது வெறும் நிரல்தான் என்று அறிந்திருந்த அவருடைய செயலாளரே, அதோடு பேச ஆரம்பித்ததும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாராம். கேட்க ஆளில்லாதவர்கள் எதனிடமும் பேசுவார்கள். வைசன்பாம் பயந்துபோய், மிச்ச வாழ்நாள் முழுக்க இந்த மயக்கத்தை எதிர்த்து எழுதினார். இன்றைய முதலாளிகள் அதைக் கண்டு பயப்படவில்லை. மாதச் சந்தா வைத்தார்கள். ‘நான் வருந்துகிறேன்’, ‘எனக்குப் புரிகிறது’ என்று எந்திரத்தைப் பேசவைப்பது வியாபாரம்.

அப்படி நாகரிகமாகப் பேச அதற்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்கள் எங்கே? கென்யாவில் மணிக்கு இரண்டு டாலருக்கும் கீழான கூலிக்கு, குழந்தைகள்மீதான வன்கொடுமை, சித்திரவதை பற்றிய வர்ணனைகளைப் படித்துப் படித்து, இது கெட்டது இது கெட்டது என்று குறியிட்டு ஓபன்ஏஐ-க்குக் கொடுத்தவர்கள் உண்டு. 2023 ஜனவரியில் டைம் பத்திரிகை எழுதியது. எந்திரத்துக்கு மனசு வலிக்குமா என்று கருத்தரங்கம் போடுகிறார்கள். இவர்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

நம் பக்கத்திலும் கதை இதுதான். தெலங்கானாவில் சமக்ர வேதிகா என்ற கணினி முறை, காரே இல்லாத ஏழைகளின் பெயரில் கார் எழுதி ரேஷன் கார்டைப் பறித்தது. ரிக்‌ஷாக்காரர் குடும்பம் ஒன்றுக்கு, பெயர் ஒத்த வேறு யாருடைய காரோ கணக்கில் ஏறியது. வீட்டு வாசலில் வந்து பாருங்கள் என்று ஜனங்கள் சொன்னார்கள். அதிகாரிகள் திரையைப் பார்த்தார்கள். அங்கே எந்திரம் மனிதனாகிவிட்டது, மனிதன் பொய்யனாகிவிட்டான்.

ஆகவே ஐயா, அம்மா, நாளைக்கு எந்த வங்கியிலாவது, எந்த அலுவலகத்திலாவது ‘சிஸ்டம் ஒத்துக்கலைங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது’ என்று சொன்னால் எழுந்து வராதீர்கள். உத்தரவை எழுத்தில் கேளுங்கள். கீழே கையெழுத்துப் போடும் ஆளின் பெயரையும் பதவியையும் கேளுங்கள். கொடுக்கும்வரை அந்த நாற்காலியை விடாதீர்கள்.