கலப்பினக் கதாநாயகி: அமைப்பும் பராமரிப்பும்

மாயநாவலுக்குக் கதை அமைப்பவர் முதலில் இனங்களைப் படைக்கிறார். அப்புறம் அவற்றுக்குள் ஒரு பழம்பகையை மூட்டுகிறார். கடைசியில், பகையின் இரண்டு பக்கத்துக்கும் பிறந்த பெண்ணொருத்தியைக் கதாநாயகியாக்கி நடுவில் நிறுத்துகிறார். மலேசிய மலையூரான லெம்பா பெர்த்தாமில் இந்த வேலைக்கு உகந்த நேரம் பிற்பகல் மூன்று மணி. மழை இறங்கிவிடும்; ரிங்லெட்டுக்குப் போன லோரி திரும்பியிருக்காது; வீட்டில் கைக்கு அகப்படும் ஒரே தாள் கடைக் கடன் எழுதும் 555 நோட்டு. சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு அது. முதல் எட்டுப் பக்கம் ஏற்கெனவே முட்டைக்கும் மாவுக்கும் போயிருக்கும். ஏழு இனம், மூன்று போர், ஒரு தீர்க்கதரிசனம் எல்லாம் மிச்சத்தில் அடங்கியாக வேண்டும்.

களத்துக்குக் குறைவில்லை. 1885-இல் இந்த மலைக்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன், தாம் கண்ட மேட்டுநிலத்தை வரைபடத்தில் ஒழுங்காகக் குறித்து வைக்கவில்லை என்பார்கள். கண்டவர் உண்டு, வழி தெரியாது. மாயநாவலுக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் கிடைக்காது. 1967 மார்ச் 26 அன்று இதே மலையின் தானா ராத்தாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்த பட்டு வணிகர் ஜிம் தாம்ஸன் நடக்கப் போனார், திரும்பவேயில்லை. அது இரண்டாம் அத்தியாயம். மூடுபனிக்குள் இரவெல்லாம் விளக்கெரியும் பிளாஸ்டிக் கொட்டகைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால் தேவர் நகரம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் சாமந்தி. பூக்கும் நாளைத் தள்ளிப்போட அந்தச் செடிகளுக்கு ராத்திரியிலும் வெளிச்சம் காட்டுகிறார்கள்.

இனங்களை வெளியிலிருந்து தருவிப்பதே வழக்கம். 1954-55-இல் மூன்று பாகமாக வந்த டோல்கீனின் நாவலுக்குப் பிறகு எல்ஃப், குள்ளர், ஓர்க் மூவரும் உலகம் முழுவதும் மொத்த விலைக்குக் கிடைக்கிறார்கள். மலையேறி வந்ததும் அவர்களுக்குக் கோளாறு தொடங்கும். எல்ஃபின் அடையாளம் நீண்ட காது. நீண்ட காது என்றதும் இங்குள்ள வாசகருக்கு நினைவு வருவது பாம்படம் போட்டுக் காது வளர்த்த கிழவி. காட்டில் வில்லோடு நிற்கும் அழகி அந்த நொடியே வெற்றிலை இடிக்க உட்கார்ந்துவிடுகிறாள். சுரங்கம் தோண்டும் குள்ளர்களைப் பற்றிச் சொன்னால், கீழே பேராக்கில் ஈயம் தோண்டியவர்கள் எல்லாரும் சராசரி உயரம்தானே என்று கேள்வி வரும். டிராகனை வில்லனாக்குவது இன்னும் ஆபத்து. பக்கத்துத் தோட்டத்துச் சீனருக்கு அது அதிர்ஷ்டம். அதைக் கதையில் குத்திக் கொன்ற எழுத்தாளருக்கு மறுநாள் முட்டைக்கோஸ் லோரியில் இடம் கிடைக்காது.

உள்ளூர்ச் சரக்கு தாராளம். மலாய்க்காரர் கதைகளில் ஒராங் புனியான் உண்டு: காட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஊர் கட்டி வாழ்பவர்கள், அழகானவர்கள், மனிதரோடு கல்யாணம் செய்துகொள்வதில் தயக்கமில்லாதவர்கள். எல்ஃபுக்கு எந்த விதத்திலும் குறையாதவர்கள். காது மட்டும் அளவானது. பெண்பேய் பொந்தியானாக் வரும்போது முதலில் பூ வாசம், பிறகு நாற்றம். தொயோல் சில்லறைக் காசு திருடும் குட்டிப் பேய். மாதக் கடைசியில் வரவு செலவு உதைக்கும் வீடுகளில் அதன் மேல் நம்பிக்கை கூடும். தமிழ்ப் பக்கமோ பட்டியல் நீளம். இயக்கர், நாகர், கந்தருவர், வித்தியாதரர், பூதர் என்று பதினெண் கணத்தைப் பழநூல்கள் எண்ணி வைத்திருக்கின்றன. மலைக்கு வரையரமகளிர், நீருக்கு நீரரமகளிர் என்று தனித்தனி நியமனமும் உண்டு. ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் நீரரமகளிர் குடியேற விரும்புவார்களா என்பது வேறு விஷயம், வண்டல் அதிகம்.

இரண்டு எச்சரிக்கை. முனியாண்டி மாய இனம் ஆகார். அவர் காவல் தெய்வம்; சுருட்டு வைத்து உத்தரவு கேட்காமல் அவரைக் கதைக்குள் இழுத்தவர்களுக்குக் கதை முடிந்ததாக வரலாறு இல்லை. இந்த மலையின் பூர்வகுடிகளான செமாய் மக்களும் மாய இனம் ஆகார். காட்டில் வாழ்பவர் என்ற ஒரே காரணத்துக்காக அவர்களுக்கு மந்திரக்கோல் கொடுக்கும் சோம்பேறித்தனம் எழுத்தாளர்களிடம் உண்டு. சாலையோரம் பெத்தாய்க் காயும் காட்டுத்தேனும் விற்றுவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புபவரைப் பார்த்து, நீங்கள் எந்தக் கணம் ஐயா என்று கேட்பது மரியாதை இல்லை.

இனம் முடிந்தால் பெற்றோர். நாவலின் கனம் இங்கேதான் இருக்கிறது, ஆனால் பலர் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கிவிட்டுப் போர்க்களத்துக்கு ஓடிவிடுகிறார்கள். பழைய கதைசொல்லிகள் அப்படி ஓடவில்லை. மாமுனிவர் விசுவாமித்திரருக்கும் வானத்து மேனகைக்கும் பிறந்த சகுந்தலையை இருவருமே வளர்க்கவில்லை. கலப்பினக் கதாநாயகிக்கு முதல் தகுதி அனாதையாக இருப்பது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. மகாபாரதத்துச் சத்தியவதி, சாபத்தால் மீனான அப்சரசின் வயிற்றில் அரசனுக்குப் பிறந்தவள். மேனியெல்லாம் மீன் நாற்றம். பராசரர் வரம் கொடுத்த பிறகுதான் அது ஒரு யோசனைத் தூரம் வீசும் நறுமணமாகிறது. இன்றைய கலப்பின நாயகிக்கு ஊதாக் கண்ணும் வெள்ளி முடியும் கொடுப்பவர்கள் மூக்கை மறந்துவிடுகிறார்கள். கருவாட்டு வாசத்தோடு ஒருத்தி படகு தள்ளுகிறாள் என்றால் வாசகர் அடுத்த பக்கம் திருப்புவார். ஊதாக் கண்ணுக்கு அந்தச் சக்தி கிடையாது.

மணிமேகலையில் வரும் பீலிவளை நாகநாட்டு இளவரசி. சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு கடற்கரைச் சோலையில் ஒரு மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறாள். பிள்ளை பிறந்ததும் மணிபல்லவத்தில் கம்பளச் செட்டி என்ற வணிகனிடம் கொடுத்து அனுப்புகிறாள். கப்பல் கவிழ்கிறது, பிள்ளையைத் தேடித் திரிந்த அரசன் இந்திர விழாவை மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது. கலப்பினக் குழந்தை ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வாள் தூக்காமல், ஒரு நகரத்தையே மூழ்கடித்துவிட்டது. இதற்கு மேல் எந்த மந்திரசக்தியும் தேவைப்படாது.

மலாய்ப் பக்கத்துக் கதையும் சளைத்ததில்லை. 1612-ஐ ஒட்டித் துன் ஸ்ரீ லானாங் பேரால் வழங்கும் செஜாரா மெலாயுவில் ராஜா சூலான் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் இறங்குகிறார். அங்கே ஒரு நாடு, ஒரு ராஜா, ஒரு மகள். கல்யாணம் செய்து மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றுவிட்டுக் கடற்குதிரை ஏறி மேலே வந்துவிடுகிறார். சூலான் என்ற பெயரில் சோழனின் எதிரொலி கேட்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. ஆக, நம்மவர் கடற்கரைக்குப் போனாலும் கடலுக்குள் போனாலும் பெண் எடுக்காமல் திரும்புவதில்லை என்பதற்கு இரண்டு நூல் சாட்சி. தாய்லாந்தின் இராமாயணமான ராமகியன் இன்னும் துணிச்சலானது. அதில் அனுமனுக்கும் இராவணனின் மீன் மகள் சுவன்னமச்சாவுக்கும் பிறந்த மச்சானு, மீன்வால் வைத்த குரங்கு. பிள்ளையை மரத்தில் வைப்பதா தொட்டியில் வைப்பதா என்ற குடும்பச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது.

தாய்தந்தையைத் தேர்வதில் தடுமாறும் எழுத்தாளர் இங்கே சாலையோரக் கடையில் விற்கும் ஸ்ட்ராபெரியைப் பார்த்தால் போதும். ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்க்கத் தென் அமெரிக்கா போன பிரெஞ்சுக்காரர் ஃப்ரேஸியே, 1714-இல் சிலி நாட்டுச் செடிகளைக் கொண்டுவந்தார். பெரிய பழம் தரும் இனம். ஆனால் அவர் கொண்டுவந்தவை பெண் செடிகள். ஆண் துணையில்லாமல் காய்க்காமல் நின்றன. வட அமெரிக்க வர்ஜீனியா இனத்தை அருகில் நட்ட பிறகே பழம் வந்தது. அதிலிருந்துதான் இன்றைய ஸ்ட்ராபெரி. இரண்டும் கலந்ததுதான் என்று 1766-இல் தாவரவியலாளர் துஷேன் கண்டு சொன்னார். ஒற்றர், கடல் பயணம், நாடு கடத்தப்பட்ட பெண்கள், அந்நிய மாப்பிள்ளை, அரை நூற்றாண்டு கழித்து வெளிப்படும் பிறப்பு ரகசியம்: முழு நாவலும் பொட்டலத்துக்குள் இருக்கிறது. ரோஜாத் தோட்டத்திலும் இதே கதை. 1867-இல் வந்த லா ஃபிரான்ஸ் முதலான ரோஜா வகைக்கு ஹைப்ரிட் டீ என்று பெயர். தேயிலை மலையில் அந்தப் பெயரைக் கேட்டவர், அதைக் கொதிக்கவைத்தால் சாயம் இறங்குமா என்று கேட்பதில் தவறில்லை.

வளர்ப்புக்கு வள்ளியே மாதிரி. மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்து, வேடர் வீட்டில் வளர்ந்து, தினைப்புனத்தில் குருவி விரட்டியவள். அரை மான் என்று யாரும் அவளைச் சீண்டியதாகக் கதையில் இல்லை. குருவிகள் போகின்றனவா என்பதே கேள்வி. பிரிஞ்சாங் முருகன் கோவிலில் அவளைக் கும்பிடுபவர் எவரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதில்லை.

பிறப்புச் சான்றிதழ் என்பது இந்த நாட்டு மாயநாவலின் உண்மையான முடிச்சு. டோல்கீனின் பாதி எல்ஃபுகளுக்கு எந்த இனத்தில் சேர்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. எல்ரோண்ட் எல்ஃபாகவும், உடன்பிறந்த எல்ரோஸ் மனிதனாகவும் ஆனார்கள். மலேசியப் படிவத்தில் இனம் என்ற கட்டத்தில் மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் (மற்றவர்) என நான்கு பெட்டி. தீபகற்பத்தில் பிள்ளை பெரும்பாலும் தகப்பன் இனத்தில் பதிவாகும். பீலிவளையின் மகன் இங்கே பிறந்திருந்தால் சோழன் கணக்கில் இந்தியா; மச்சானுவுக்கு முகப்பில் கொஞ்ச நேரம் ஆகும். நாயகி நாகமும் புனியானும் கலந்தவள் என்றால் லாயின்-லாயின். உலகத்தின் மாய இனங்கள் அனைத்தும் ஒருநாள் அந்த நாலாவது பெட்டியில்தான் குடியேறும் என்பதால், அதற்கு ஒரு கொடியும் தேசியகீதமும் எழுதி வைப்பது நாவலாசிரியருக்கு நல்லது.

கதை நிற்குமா என்று சோதிக்க வட்டாரத்தில் உள்ள ஒரே கருவி பாட்டி. கருவைச் சொல்லி முடித்ததும் அது இப்படி இயங்கும்:

“ஏண்டா, அவ எந்தப் பாதி பாம்பு? மேலயா, கீழயா?”

“கீழ, பாட்டி.”

“அப்பச் சரி. மேட்டுல வழுக்காது. காலு இல்லன்னா அட்டையும் ஏறாது. நான் கொழுந்து எடுத்த காலத்துல எனக்கு அப்படி ஒரு வசதி இல்லையே.”

“பாட்டி, அவ இளவரசி.”

“இருக்கட்டும். காலையில பேர் கூப்பிடற பெரட்டுக்கு நேரத்துல வந்தாளா?”

இந்தச் சோதனையில் தேறாத பகுதிகளை நீக்கிவிட வேண்டும். தீர்க்கதரிசனம் முதலில் விழும். இரண்டு போர் விழும். இருண்ட அரசன் என்ன சாப்பிடுகிறான், யார் சமைக்கிறார்கள் என்று கேட்கப்பட்டதும் அவனும் விழுவான். பாட்டி கொழுந்து எடுத்த தேயிலையை இன்று கத்தரியும் இயந்திரமும் வெட்டுகின்றன, வெட்டுபவர்களில் பலர் வங்காளதேசத்தார், நேப்பாளத்தார் என்பதால், நாயகிக்குத் தோழி வேண்டுமென்றால் அந்தப் பக்கத்திலும் பார்க்கலாம்; வங்காளத்தில் பாம்புக்கே தனித் தெய்வம் உண்டு, மனசா. சம்பந்தி வீடு கைக்கெட்டும் தூரம்.

555 நோட்டில் மிஞ்சியிருக்கும் பக்கங்களில் கதை இப்போது இவ்வாறு நிற்கிறது: நாகப் பெண் ஒருத்தி மழையில் லோரிக்குக் காத்திருக்கிறாள். அடுத்த பக்கத்தில், முட்டை பத்து, கோதுமை மாவு ஒரு கிலோ, பாக்கி நான்கு வெள்ளி.