மாட்டியல்: ஏசி மாட்டும் செலவு குறித்து நான்கு நூற்பாவும் உரையும்

பாயிரம்

இந்நூல் நுதலியது யாதோ எனின், வீட்டில் ஏசி மாட்டும் செலவு. களம், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி, சிப்காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் முதல் மாடி வாடகை வீடு. காலம், கத்திரி தொடங்குவதற்கு முந்தைய வாரம். பயன், படிப்பவர் தம் பில்லைப் பார்த்து மயங்கும்போது எந்த நூற்பாவின்படி மயங்குகிறோம் என்று தெளிதல்.

ஆய்வுக்கு இந்த ஊர் ஏன் எனின், காரணம் இரண்டு. ஒன்று, வெயில். தமிழகத்தின் அதிக வெப்பம் பதிவாகும் ஊர்ப்பட்டியலில் கோடைதோறும் இடம்பிடிக்கும் திருத்தணி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. போதாததற்கு இங்குள்ள உருக்காலைகள். இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். அந்த உலை ஓரம் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர் வீட்டில் கேட்பது வெறும் 24.

இரண்டு, ஏசியே இங்கே பக்கத்தில்தான் பிறக்கிறது. எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி. டெய்கினும் புளூ ஸ்டாரும் அங்கே ஆலை வைத்திருக்கின்றன. எங்கள் தாலுகாவின் பெருவாயலில் 1,891 கோடி ரூபாயில் ஏசி ஆலை அமைக்க 2023-ல் மிட்சுபிஷி எலக்ட்ரிக் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆகவே என் கருதுகோள்: பழவேற்காட்டில் மீன் மலிவு என்றால் கும்மிடிப்பூண்டியில் ஏசி மலிவு. இக்கருதுகோள் கடை வாசலிலேயே காலமானது.

முன்னாய்வு

நெடுநல்வாடையில் வேனிற்காலத்துக்கென்று ஒரு படுக்கையிடம் வருகிறது. தென்றலைக் கொண்டுவரும் சாளரம் அதற்கு உண்டு. வாடைக்காலமாதலால் கதவைத் தாழிட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சாளரத்துக்கு அடிக்கணக்கில் கூலி வாங்கியதாக நச்சினார்க்கினியர் எங்கும் உரை எழுதவில்லை.

அடுத்த சான்று சென்னை ஐஸ் ஹவுஸ். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்க ஃபிரெடரிக் டியூடர் 1842-ல் கட்டியது, இன்று விவேகானந்தர் இல்லம். ஏசியின் 'டன்' பனிக்கட்டிக் கணக்கில் பிறந்ததே. ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, ஒரு நாளில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை விழுங்குமோ அதுவே ஒரு டன். என்னுடைய ஒன்றரை டன் ஏசி நாளெல்லாம் முழுமூச்சாக ஓடினால் 1,360 கிலோ பனிக்கட்டிக்குச் சமம். இதை விளக்கிய பிறகும் என் மாமனார், "ஒன்றரை டன் எடையை அந்தச் சுவர் தாங்குமா?" என்று கேட்டது இவ்வாய்வின் முதல் எதிர்வினை.

நூற்பா 1

மாட்டெனப் படுவது மதிற்கிரு புறனும்
நிற்பன இரண்டைச் செம்பின் இணைத்தல்.

என்பது என்னுதலிற்றோ எனின், ஏசியின் இயல்பு உணர்த்திற்று. ஏசி என்பது ஒரு பொருளன்று, இரண்டு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. இரண்டையும் செம்புக்குழாய் இணைக்கும். குழாய்க்குள் ஓடும் கேஸ் உள்ளே வெப்பத்தை ஏற்றிக்கொண்டு வெளியே இறக்கிவிடும்.

தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளில் 'மாட்டு' என்று ஒன்றைச் சொல்கிறார். தொலைவில் கிடந்தாலும் அருகில் கிடந்தாலும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் முடிப்பது அது. பத்துப்பாட்டில் எங்கோ கிடக்கும் அடியை எங்கோ உள்ள அடியோடு கூட்டுவதில் நச்சினார்க்கினியர் பேர்பெற்றவர். ஏசிக்காரர்களும் இதையே 'மாட்டுறது' என்கிறார்கள். வேறுபாடு ஒன்றே: நச்சினார்க்கினியர் தூரத்துக்குக் காசு வாங்கவில்லை.

நூற்பா 2

பெட்டியின் விலையே விலையெனப் படாஅது
அடிதொறும் ஏறும் அதுவே விலையே.

ஏசி மாட்ட வந்த தம்பி சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பைப் பத்தாது சார்."

பெட்டியோடு வந்தது 10 அடி. வெளி யூனிட்டை வராந்தாவில் வைத்திருந்தால் அது போதும். ஆனால் வீட்டுக்காரர், "வாசப்பக்கம் மட்டும் வேணாம்பா, வாஸ்து" என்று சொல்லிவிட்டார். எனவே குழாய் படுக்கையறையைச் சுற்றி, பக்கவாட்டுச் சந்தை அடைந்தபோது 21 அடி. கூடுதல் 11 அடி, அடிக்கு 280 ரூபாய், ஆக 3,080.

இங்கே ஒரு பொருளாதார நுட்பம். ஏசிக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. என் ஏசியின் விலை 36,900. பழைய வரியாக இருந்தால் ஏறத்தாழ 40,027 ஆகியிருக்கும். மிச்சம் 3,127. அதில் குழாய்க்குப் போனது 3,080. ஆக, ஒன்றிய அரசு அளித்த வரிச்சலுகை வாஸ்துவைக் கடந்து என்னை வந்தடைந்தபோது 47 ரூபாயாக இருந்தது.

இதனால் பெறப்படும் தேற்றம்: ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்பது விலையைத் தீர்மானிப்பதில்லை. உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே எத்தனை அடி என்பதே தீர்மானிக்கும்.

நூற்பா 3

எண்ணுங் காறும் இலவசம் உளதே.

கடையில் தெளிவாகச் சொன்னார்கள், "ஃபிட்டிங் ஃப்ரீ சார்." அவர்கள் பொய் சொல்லவில்லை. பில்லில் ஃபிட்டிங் என்ற வரிக்கு நேரே சுழியம்தான் இருந்தது. மற்ற வரிகள் வருமாறு: கூடுதல் குழாய் 3,080. வெளி யூனிட் உட்கார ஸ்டாண்ட் 900. சுவரில் துளை 500. தண்ணீர் வடியும் பைப் 350. தனி வயரும் எம்.சி.பி.யும் எலக்ட்ரீஷியன் கூலியும் 2,800. ஸ்டெபிலைசர் 3,200. இருவருக்கு டீயும் மதியம் பிரியாணியும் 240. கூடுதல் 11,070. பெட்டி விலையில் இது சரியாக 30 விழுக்காடு. இலவசத்தின் விழுக்காட்டை இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்தது இதுவே முதல்முறை என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

துளைக்கு ஒரு புறனடை உண்டு. "காலி பண்றப்ப ஓட்டைய அடைச்சுக் குடுத்துடணும்" என்றார் வீட்டுக்காரர். துளை போட ஒரு செலவு, துளை இல்லாமல் ஆக்க ஒரு செலவு. கழற்றி அடுத்த வீட்டில் மாட்டும்போது இந்நூல் முதல் நூற்பாவிலிருந்து மறுபடி தொடங்கும்.

மின்கட்டணம் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நான் ஏசி மாட்டியபோது இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது என்பதும், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியின் விலையும் மாறிவிடும் என்பதும் தனியொரு காப்பியத்துக்குரிய அவலச்சுவை.

நூற்பா 4

ஒருமனைத் தண்மை ஒருமனை வெம்மை.

வெப்பம் அழிவதில்லை, வீடு மாறுகிறது. வெளி யூனிட் அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை மட்டும் கொட்டுவதில்லை. தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக்கிச் சேர்த்தே கொட்டுகிறது. எங்கள் சந்தின் அகலம் நான்கு அடி. எதிரே பக்கத்து வீட்டு அக்காவின் படுக்கையறை ஜன்னல்.

மாட்டிய நான்காம் நாள் அக்கா வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நெறியாளரை (என் மனைவி) முன்னே அனுப்பினேன். அக்கா கேட்டது ஒன்றுதான்: "எந்தக் கடைம்மா? ஜன்னலைத் தொறக்கவே முடியல, நாங்களும் ஒண்ணு வாங்கிடலாம்னு."

அதே தம்பி வந்தார். சந்தில் என் யூனிட் அனல் கக்கிக்கொண்டிருந்ததால் எதிரே இன்னொன்றை வைக்க முடியாது என்றார். எனவே அக்காவின் வெளி யூனிட் மொட்டை மாடிக்கு ஏறியது. கூடுதல் குழாய் 19 அடி, 5,320 ரூபாய்.

இந்த 5,320 என் ஆய்வில் சேருமா என்பது வினா. சேராது என்பது என் கருத்து. அக்கா வாங்கிய ஏசிக்குக் காரணம் நம் ஏசி, ஆகவே சேரும் என்பது நெறியாளர் கருத்து. தொலைவில் கிடப்பதையும் கூட்டினால்தான் பொருள் முடியும், அதற்குப் பெயர்தான் மாட்டு என்று நானே முதல் நூற்பா உரையில் எழுதிவிட்டதால், மறுக்க வழியின்றி ஒப்புக்கொண்டேன்.

மொட்டை மாடிக்கு மேலே யாருக்கும் ஜன்னல் இல்லை. ஆகவே இந்நூல் இத்துடன் நிறைவுறுகிறது. மேலே ஒரு மாடி எடுக்கப் போவதாக அக்கா வீட்டுக்காரர் செங்கல் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.