மரக்காலைப் பாத்து வாங்குலே!

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. கடாவை வித்து லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி டிரைவ் வாங்கித் தரணும்னு நேத்து ராத்திரி ஆச்சி காதுல ஓதுனியாமே? அம்புட்டும் படிப்புக்குத்தானாம்! ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-ன்னு குதிரை ஓட்டுதியே, அது ஒண்ணுக்கே 150 ஜிபி எடம் வேணுமாம். நிசக் குதிரைன்னா நம்ம தொழுவமே போதும்.

சரி, வாங்குததுன்னா வெவரமா வாங்கு. கடைக்காரன் நொடிக்கு 7000 எம்பின்னு கொட்டை எழுத்துல போட்ட டப்பாவை நீட்டுவான். வாயைப் பொளந்திராத. உன் லேப்டாப்புல அதைச் சொருகுத மடை எம்புட்டுன்னு பாத்தியா? ஜென் 3-ன்னா மூணாந் தலைமுறை; அந்த மடையில ஜென் 4 சரக்கைச் சொருகுனா ஓடத்தான் செய்யும். ஆனா நொடிக்கு 3500 எம்பிய ஒட்டியே நின்னுரும். கொளம் எம்புட்டுப் பெருசானாலும் மடைவாய் அளவுக்குத்தானலே வயலுக்குப் பாயும்?

பழைய ஹார்டு டிஸ்க் 100, 150-ன்னு நொண்டும். சாட்டா எஸ்எஸ்டி 550. அதுல ஏறுனாலே மாட்டுவண்டியை விட்டு பஸ்ஸுல ஏறுன மாதிரி இருக்கும். ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் வெளையாட்டு தொறக்குததுல உள்ள வித்தியாசம், நீ ஒரு கொட்டாவி விடுத நேரம்.

இதை மாட்டுனா எஃப்பிஎஸ், அதான் நொடிக்கு ஓடுத படக் கணக்கு, எகிறும்னு எவனாவது சொன்னா நம்பிராத. அது கிராபிக்ஸ் கார்டு பாக்குத வேலை. தொழுவத்தைப் பெருசாக் கட்டுனா மாடு கூடவா கறக்கும்? கதவு வெரசாத் தொறக்கும், அம்புட்டுதான். நீ வெரசா உள்ள போயி வெரசா குண்டடிபட்டுச் சாவலாம்.

மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்க மாதிரி இதுக்கும் ஒண்ணு உண்டு. டிஎல்சியா, கியூஎல்சியான்னு கேளு. ஒரு அறையில மூணு பிட்டு படுத்தா டிஎல்சி, நாலு படுத்தா கியூஎல்சி. நெருக்கடி கூடுனா எழுதுத வேகமும் கொறையும், ஆயுசும் கொறையும்.

512 வாங்குனா மூணு வெளையாட்டுல குதிர் ரொம்பிரும். 1 டிபியா வாங்கு. வாங்கி மாட்டுனா 931 ஜிபின்னு காட்டும். களவாண்டுட்டான்னு சண்டைக்குப் போயிராத. கடைக்காரன் ஆயிரம் ஆயிரமா அளக்கான். உன் விண்டோஸு 1024, 1024-ஆ அளக்கும். நெல்லு அதே நெல்லுதான், மரக்கால்தான் வேற. அந்தக் காலத்து யாவாரி வாங்க ஒரு மரக்கால், விக்க ஒரு மரக்கால்னு வச்சிருந்தான்; இவனாவது ஒரே மரக்காலால அளக்கான். ஆனா 16 டிபி சல்லிசா வருதுன்னு செல்லுல காட்டுனியே, அதுல மரக்காலே பொய்யிலே.

டிரைவைத் தொண்டை மட்டும் நெரப்பாம அஞ்சுல ஒரு பங்கு காலியா விடு. இல்லேன்னா அதுவும் விருந்து தின்ன மாப்பிள்ளை மாதிரி மந்தமாயிரும்.

டப்பாவுல 2280-ன்னு போட்டிருந்தா வெலைன்னு நெனைச்சிராத. 22 மில்லி அகலம், 80 மில்லி நீளம். உன் லேப்டாப்புல அந்த நீளத்துக்கு எடம் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கிடு. சாய்ச்சுச் சொருகணும், நுனி தூக்கிக்கிட்டு நிக்கும், அமுக்கிப் பிடிச்சு ஒரு திருகாணியை முடுக்கணும். அது எள்ளு தண்டிதான் இருக்கும். அதைத் தொலைச்சிட்டு ஆச்சி மூக்குத்தித் திருகாணியைக் கேட்டு வந்து நிக்காத.

பழசைத் தூக்கி எறிஞ்சிராத. ஒரு கூடு வாங்கி அதுல போட்டு, புராஜெக்டை அதுலயும் ஒரு காப்பி எடுத்து வையி. எஸ்எஸ்டி சாவும்போது பல நேரம் முன்கூட்டிச் சொல்லிக்கிட்டுச் சாவாது. சோத்து நெல்லையும் விதைநெல்லையும் ஒரே குதிருல கொட்டுதவன் சம்சாரியாலே? விதையைக் கோட்டை கட்டித் தனியால்லா வைப்பான்!

இம்புட்டும் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. லேப்டாப் ரிப்பேர் பாக்குத பையங்கிட்ட அரைமணி நேரம் உக்காந்து கேட்டுட்டுத்தான் வந்தேன். விக்கது என் கடாவுல்லா!

காசு தாரேன், போ. மீதி என் கைக்கு வரணும். அந்தக் கணக்குல மட்டும் கடைக்காரன் மரக்காலைக் காட்டிராத.