சூரிச்சுக்குப் போற மருமோனுக்கு

எடே மருமோன், உனக்கு விசா கிடைச்ச கதை உன்னை விட முந்தி வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்திட்டுது. முருங்கைக்காய்க்காரன்தான் எனக்குச் சொன்னவன். கொம்மா கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசருக்கு வைச்ச நேர்த்தி வீண்போகேல்லை.

அங்க என்ன நடக்கும் எண்டு சொல்லட்டே? சித்தி வீட்டில புட்டும் மீன்குழம்பும். பின்னேரம் ஆற்றையோ பிறந்தநாள். ஞாயிறு அட்லிஸ்வில் முருகன் கோயில். வந்து நிண்டு "சூரிச் பார்த்தன்" எண்டுவாய். புங்குடுதீவுச் சனம் குசினிகளில சட்டி கழுவின காசும் சேர்ந்து நடக்கிற கோயில், போகத்தான் வேணும். ஆனா ஊரையும் கொஞ்சம் பாரடா.

ஸ்ரேசன் வாசலில அல்பிரட் எஷர் எண்டொருவர் சிலையா நிக்கிறார். றெயில் பாதைக்குக் காசு திரட்ட 1856இல வங்கி திறந்த மனிசன். பிறகு அதுதான் கிறெடிட் சுவிஸ். 2023 மார்ச்சில, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதை யூபிஎஸ் எண்ட மற்ற வங்கி 300 கோடி பிராங்குக்கு வாங்குதெண்டு அறிவிச்சினம். கொம்மாவின்ர சீட்டுக்காரி ஓடினதுக்கு இன்னும் மண் அள்ளித் திட்டுறம். அங்க வங்கியே போனபிறகும் தொடக்கினவர் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறார். வங்கி வாசலில நிண்டு படம் எடுக்காதை, உள்ளுக்கு இருக்கிறது உன்ர காசில்லை.

குறொஸ்மூன்ஸ்ரர் தேவாலயத்தில ஸ்விங்ளி எண்டொரு குருவானவர் இருந்தவர். 1522இல, இறைச்சி திண்ணக்கூடாத தவக்காலத்தில, அச்சுக்காரன் ஒருத்தன்ர வீட்டில சொசேஜஸ் திண்டிருக்கினம். ஸ்விங்ளி கூட இருந்தவர், ஒரு துண்டும் தொடேல்லை. பிறகு பிரசங்கத்தில திண்டவைக்காக வாதாடினார். அந்தப் பக்கத்துத் திருச்சபைச் சீர்திருத்தம் சூடுபிடிச்சது உதில தான். கந்தசட்டி முடியுமட்டும் இந்தக் கதையைக் கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை.

ஸ்பீகல்காஸ எண்டொரு சின்ன ஒழுங்கை. 1916இல 1ஆம் இலக்கத்தில ஒரு கூட்டம் அர்த்தமில்லாத கவிதை கத்தி டாடா எண்ட கலை இயக்கம் தொடங்கினது. அதே ஒழுங்கை 14ஆம் இலக்கத்தில லெனின் வாடகைக்கு இருந்தவர். அடுத்த வருசம் றஷ்யாவுக்கு றெயில் ஏறிப் போனவர். ஆர் கூடச் சத்தம் போட்டவை எண்டு அங்க நிண்டு யோசி, யோசிக்கக் காசில்லை.

பிராவுமூன்ஸ்ரர் தேவாலயத்தில ஷகால் வரைஞ்ச கண்ணாடிச் சன்னல் பார்க்கக் கேக்கிற காசைக் குடு. தண்ணிக்குக் குடுக்காதை. ஊரில 1200க்கு மேல நீர்த்தாரை, எல்லாத்திலயும் குடிக்கலாம். தேத்தண்ணி விலையை மட்டும் ரூபாவில பெருக்கிப் பார்க்காதை, தொண்டைக்குள்ள இறங்காது.

இன்னொண்டு. ஞாயிறு கோயிலுக்குப் பட்டுவேட்டியோட வரச்சொல்லிச் சித்தி சொன்னா, சவரம் செய்துகொண்டு போ. நீ ஊர் பார்க்கப் போறாய். அங்க ரெண்டு குடும்பம் உன்னைப் பார்க்க வருது. நான் சொன்னதெண்டு சொல்லாதை.