ஏழு மணிக் கூட்டத்து அண்ணன்

பதுளை டவுனில் அண்ணன் கண்ணில் படாமல் ஒரு பிளேன்டீ குடித்துவிட முடியாது. கிளாஸைக் கீழே வைப்பதற்குள் விசிட்டிங் காட் கைக்கு வந்துவிடும். முன்பக்கம் மூன்று மொழியில் பெயர். பின்பக்கம் அவர் அங்கம் வகிக்கும் சங்கங்கள். அடியில், கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், 'கூடாரம், கதிரை வாடகைக்கு'. என்னிடம் ஒரு கட்டே சேர்ந்துவிட்டது; பால் கணக்கு எழுதத் தோதாக இருக்கிறது.

இரவு மெயிலில் கொழும்புக்குப் போய் ஒரு வியாபாரக் குழுவின் கூட்டத்தைப் பார்த்து வந்தார். அதிலிருந்து ஆள் ஆளாக இல்லை.

"1985ல அமெரிக்காவுல ஐவன் மைஸ்னர் ஆரம்பிச்சது தம்பி, பிஎன்ஐ. வாராவாரம் காலங்காத்தால கூட்டம். ஒரு தொழிலுக்கு ஒரே ஆளு. நான் ஒங்களுக்கு யாவாரம் புடிச்சுக் குடுப்பேன், நீங்க எனக்கு. ஏன், நம்ம தொரைமாருங்க செய்யலையா? பண்டாரவளை ஹோட்டல அவுங்க கிளப்பாத்தானே கட்டினாங்க! விஸ்கி குடிக்கவா அங்க போனாங்க?"

விஸ்கி குடிக்கத்தான் போயிருப்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பதுளையிலும் கூட்டம் போட்டார். ஏழு மணி என்றால் ஏழு மணி. பசறை பஸ் வந்து சேர்ந்தபோது எட்டே கால். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள் என்ற சட்டத்தில்தான் முதல் இடி. வந்தவர்களில் இரண்டு பேர் இன்சூரன்ஸ் ஏஜென்டுகள், அதிலும் மாமனும் மச்சானும். யார் எழும்பிப் போவது என்ற பேச்சு, பழைய கல்யாணத்தில் யார் மொய் எழுதவில்லை என்பதில் போய் நின்றது. ஆளுக்கு ஒரு நிமிடம் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொன்னால், ஹாட்வெயார் முதலாளி, "என் கடை தெரியாதவன் எவன்டா?" என்று உட்கார்ந்துவிட்டார். மரக்கறி லொறிக்காரருக்கு ஒரே சந்தேகம்தான்: டீ யார் செலவு?

அன்று மத்தியானமே அண்ணனுக்கு ஒரு போன். பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பேசியவர் மரண உதவிச் சங்கத் தலைவர். அவருடைய அம்மாவும் அண்ணனுடைய அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். "தம்பி, ரெண்டு கூடாரம், நூறு கதிரை. லயத்துக்கு மேல லொறி ஏறாது, ஆளுங்க தூக்கிருவாங்க." விலை பேசவில்லை, காட் கேட்கவில்லை. அண்ணனின் வருமானத்தில் முக்கால்வாசி இப்படி வருவதுதான். மரணச் சங்கம், மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டி, லயத்துப் பெண்கள் பிடிக்கிற சீட்டு. சீட்டு விழுந்தால்தானே மகளின் சடங்குக்குக் கூடாரம்! ஆனால் காட்டின் பின்பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், "அது வேற தம்பி, அது நம்ம ஆளுங்க" என்பார்.

சாவு வீட்டில் கதிரைகளை வரிசையாகப் போட்டு, சங்கத்துச் சந்தாவையும் கட்டிவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில், பெட்டி இறக்க வந்த மலர்ச்சாலை முதலாளி பட்டார். மெல்ல ஓரங்கட்டி, "அண்ணே, நம்ம குரூப்புல ஒங்க தொழிலுக்கு எடம் காலியா இருக்கு" என்றார்.

"சேர்றேன் தம்பி. ஆனா எழும்பி நின்னு, எல்லாரும் சீக்கிரம் எங்கிட்ட வாங்கன்னு நான் சொல்லணுமே, பரவாயில்லையா?"