சைக்கிள் கணக்குப்பிள்ளை

உடுமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஹெலிகேம் மேலே ஏறினால், மண்டப வாசலில் நிற்கிற அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவார்கள். கையாட்டாத ஆள் ஒருவர்தான்: அதைப் பறக்கவிடுகிறவர். அவர் மேலே பார்ப்பதில்லை. மாப்பிள்ளையையும் பார்ப்பதில்லை. ரிமோட்டில் மாட்டிய போனின் மூலையில் 64 சதவீதம் என்று ஓர் எண் இருக்கிறதே, அதைப் பார்த்துக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் முகத்தோடு நிற்பார்.

ஸ்டூடியோவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். சக கேமராக்காரர்கள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் கணக்குப்பிள்ளை. இவர் கணக்கு ரூபாயில் இல்லை, பேட்டரியின் சைக்கிளில். வாங்க வேண்டிய பாக்கியைக் கேட்டால் தலையைச் சொறிவார். எந்த பேட்டரி எத்தனை சைக்கிள் ஓடியிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார்.

அவரிடம் நான்கு பேட்டரி. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. அதன் கீழே மார்க்கரில் 1, 2, 3, 4. அதற்கும் கீழே வாங்கிய தேதி. சந்தனம் பின்னில் படாமல் பொட்டு வைக்கிற வித்தையை வீட்டம்மாவுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கேமரா பையில் லென்ஸ் துடைக்கும் துணி இருக்கிறதோ இல்லையோ, நீளநோட்டு ஒன்று இருக்கும். தேதி, விசேஷம், ஏறும்போது, இறங்கும்போது, சூடு, சைக்கிள் என்று கோடு போட்டு வைத்திருப்பார். 'தாலி கட்டு, 3-ஆம் நம்பர், 97, 38, கை பொறுக்கும் சூடு, 61.' பெண் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் அதில் இடமில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒருவர் போன் போடுவார்.

"அண்ணா, நம்ம கல்யாண வீடியோ பென்டிரைவ் தொலைஞ்சு போச்சுங். இன்னொரு காப்பி கிடைக்குங்களா?"

"எந்தக் கல்யாணமுங்?"

ஊர், மண்டபம், அப்பா பெயர் எல்லாம் சொல்லியும் விளங்காது. தேதியைச் சொன்னதும் நோட்டு புரளும். "அட, 2-ஆம் நம்பரோட நாப்பதாவது சைக்கிள்! அருமையா இறங்குச்சுங். எல்லாம் சௌக்கியந்தானுங்களே?" தம்பதி சௌக்கியத்தைத்தான் கேட்கிறாரா என்பது நிச்சயமில்லை.

டீக்கடையில் அவர் நடத்துகிற பாடம் இன்னும் விசேஷம். சார்ஜரில் ஒரு தடவை செருகினால் ஒரு சைக்கிள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

"காலைல நிச்சயதார்த்தம். நூறுல ஏத்தி அறுபதுல இறக்கறேன். நாப்பது செலவு. மறுபடி சார்ஜ் போடறேன். சாயங்காலம் ரிசப்சன். நூறுல ஏத்தி நாப்பதுல இறக்கறேன். அறுபது செலவு. மறுபடி சார்ஜ். மொத்தம் எத்தனை சைக்கிள்?"

"ரெண்டுங்ண்ணா" என்பார் டீ மாஸ்டர்.

"ஒண்ணு! செலவு நூறு சேர்ந்தாத்தான் ஒண்ணு."

"அப்படீன்னா அந்த ரெண்டு அரை டீயும் சேர்த்து ஒரு டீக்காவது இன்னிக்குக் காசு குடுத்துருங்ண்ணா."

கணக்கு என்னவோ சரியானதுதான். கல்யாணத்துக்குப் பறக்கிற சிறிய ட்ரோன்களின் லித்தியம் பேட்டரிக்கு 200 சைக்கிள் சுமார் ஆயுள் என்பார்கள். அதற்காக 201-இல் உயிர் போய்விடாது. கொள்ளளவு மெல்லக் குறைந்து, புதிதில் 30 நிமிஷம் பறந்தது 24 நிமிஷத்துக்கு வந்து நிற்கும். வெறும் ஆறு நிமிஷந்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது ஹெலிகேமைத் தென்னந்தோப்புக்கு மேலே ஒரு கிலோமீட்டர் அனுப்பிவிட்டு, எதிர்காற்றில் திரும்ப அழைத்துப் பார்த்தால் அந்த ஆறு நிமிஷத்தின் அருமை தெரியும். போகும்போது பத்து சதவீதம் தின்றது, வரும்போது முப்பது கேட்கும். சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்தால் அது யாரையும் கேட்காமல் இறங்க ஆரம்பித்துவிடும். கீழே இருப்பது கிணறா, பந்தியா என்று அதற்கு அக்கறை இல்லை. ஆகவே நோட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் அடக்கமாகச் சிரிப்பது நல்லது.

சிரிக்க வேறு இடம் இருக்கிறது. ஐபோன் 15 முதற்கொண்டு செட்டிங்ஸிலேயே சைக்கிள் எண்ணிக்கை தெரியும் என்று ஒரு பையன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். அதிலிருந்து பந்தியில் அவர் பக்கத்து இலைக்கு யாரும் உட்காருவதில்லை. "அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, 412 என்று படித்து, உதட்டைப் பிதுக்கி, "ராத்திரி பூரா சார்ஜ்லயே கெடக்குதுங்களா?" என்பார். ஜாங்கிரி கசந்துபோகும். மருந்தடிக்கிற ட்ரோன் பேட்டரிக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சைக்கிள் சொல்லி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று அவரே சரியாகச் சாப்பிடவில்லை.

அவருக்கு வருகிற தர்மசங்கடங்களில் பெரியது மழை. பேட்டரிகளை நூறு ஏற்றி வைத்திருப்பார். சாயங்காலம் கொட்டித் தீர்க்கும், ஹெலிகேம் வேண்டாம் என்றுவிடுவார்கள். முழுச் சார்ஜோடு படுக்கப்போட்டால் பேட்டரிக்கு ஆகாது. அறுபதுக்குப் பக்கத்தில், செல்லுக்கு 3.8 வோல்ட் சுமாருக்கு இறக்கி வைக்க வேண்டும். இறக்கினால் நாற்பது செலவு, சைக்கிளில் ஏறும். ஆயுளைக் காப்பாற்ற ஆயுளையே செலவழிக்க வேண்டும். மறுநாள் வெயிலடித்ததும் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்தில் ட்ரோனை நிறுத்திவைத்து நின்றுகொண்டிருப்பார். மொட்டைமாடியை விட்டு அன்றைக்கென்று வாசலில் காயப்போட்ட வற்றல் தெருமுனை வரை போகும். "ஏஞ்சாமி, இதை நாலு கல்யாண வூட்டுல சுத்தவுட்டாக் காசாவது வருமே" என்பார் அம்மா, முறத்தோடு பின்னால் ஓடியபடி.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் பீரோவின் கீழ்த்தட்டு என்று கண்டுபிடித்ததால் பட்டுப்புடவைகள் பரணுக்கு இடம்பெயர்ந்தன.

அங்கே போகாத பேட்டரி ஒன்றே ஒன்று, 4-ஆம் நம்பர். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்குத் தடை வந்ததும், இனி ஒரிஜினல் பேட்டரி கண்ணில் படாது என்று பயந்து சிங்கப்பூர் மச்சானிடம் சொல்லி வரவழைத்தது. உதிரி லித்தியம் பேட்டரியைக் கையோடுதான் கொண்டுவர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக்கூடாது என்பது மச்சானுக்குத் தெரியாது. அவரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மாமியாருக்கு வாங்கிய தைலம் முதல் அத்தனையையும் வெளியே எடுக்கவைத்தார்கள். இன்றைக்கும் மச்சான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அப்படி வந்ததைத் தொடுவாரா? 'அவசரத்துக்கு' என்று எப்போதும் நூறில் வைத்துக் கார் டிக்கியில் வைத்திருந்தார். சித்திரை வெயிலில் கார் மண்டபத்துக்கு வெளியே நாள் முழுக்க நிற்கும். சும்மா கிடந்தால் சில நாளில் தானே சார்ஜைக் கரைத்துக்கொள்ளும் புத்தி அந்த பேட்டரிக்கு உண்டு. இவர் விட்டால்தானே? வாராவாரம் எடுத்து மறுபடி நூறாக்குவார். நோட்டில் அதன் பக்கம் மட்டும் மாசுமறுவில்லாமல் இருந்தது. மூன்று வருஷத்தில் 11 சைக்கிள். பேட்டரி பறந்துதான் கிழடாக வேண்டும் என்பதில்லை. சூட்டில் முழுச் சார்ஜோடு கிடந்தாலே போதும் என்ற விஷயத்துக்கு அவர் நோட்டில் பத்தி போடவில்லை.

எதிர்க்கடை ஸ்டூடியோப் பையனுக்கு நோட்டும் இல்லை, பொட்டும் இல்லை. பத்து சதவீதம் வரை பறக்கவிட்டு, பீப் பீப் என்று கத்தக் கத்த இறக்குவான். 230-ஐத் தாண்டியும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அது கெட்ட பழக்கந்தான், ஒருநாள் யார் தலையிலாவது இறங்கும். ஆனால் அவன் பெயரைச் சொன்னாலே கணக்குப்பிள்ளைக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

போன மாதம் புது ட்ரோனுக்கு மாற முடிவு செய்து, பழையதை விலைக்கு வைத்தார். பல்லடத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். ட்ரோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோட்டை விரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்காம் பக்கத்துக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இதுதானுங் பொக்கிஷம்" என்று 4-ஆம் நம்பரைக் கண்ணாடி மேஜையில் வைத்தார்.

வந்தவர் ஒரு விரலால் அதன் ஓரத்தைத் தட்டிவிட்டார். பேட்டரி மேஜைமேல் இரண்டரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

"அடி உப்பிருக்குதேங்."

"சைக்கிளைப் பாருங், பதினொண்ணுதான்."

"பதினொண்ணு சரிங். ட்ரோனுக்குள்ள போகுங்களா?"

"அதெல்லாம் கொஞ்சம் அழுத்துனாப் போகுமுங்" என்றார் கணக்குப்பிள்ளை. வந்தவர் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.